கள்ளியைத் தின்ற பூச்சி

நூறு ஆண்டுகளுக்கு முன் கோயமுத்தூர்ச் சீமையின் மேய்ச்சல் தரைகளில் சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த செடி. வேலிக்கென்று வைத்தது வேலியைத் தாண்டிவிட்டது. வெட்டிப் போட்டாலும் பயனில்லை, மடல் விழுந்த இடத்தில் வேர்விட்டது.

அதற்கு எதிரி தற்செயலாகத்தான் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி மீது ஆசை. 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்ததோ மட்டரகக் காட்டு இனம். பஞ்சு போன்ற வெள்ளை மெழுகுக்குள் ஒளிந்திருக்கும் அதை விரலால் நசுக்கினால் ரத்தச் சிவப்பு ஒட்டும், வியாபாரத்துக்குத்தான் தேறவில்லை. ஆனால் கள்ளியின் சாற்றை உறிஞ்சியே கொன்றது.

அதுவும் ஒரு வகைக் கள்ளியை மட்டும். முள் மிகுந்த இன்னொரு வகை தென்னாட்டில் தொடர்ந்து பரவியது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் சப்பாத்திக்கள்ளிதான், பூச்சி ஏமாறவில்லை.

1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே கள்ளிக்காடுகள் வாடிச் சரிந்தன.

கள்ளியைப் போலவே வெளியிலிருந்து வந்து, கொல்லிமலையில் செம்மேட்டைச் சுற்றியுள்ளவர்களுக்கு இன்று தொல்லை தருவது உண்ணிச்செடி. 1809இல் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், வெயில் பட்ட தோல் வெந்து உரியும். இதற்கும் 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அது தாக்கிய செடியில் இலை உதிர்ந்தது, மழை வந்ததும் செடி மீண்டும் தழைத்தது. வேரோடு பிடுங்குவதுதான் இன்றும் நடப்பில் உள்ள வழி.