பந்தயத் திடலும் மேலவையும்: ரோஸ்பரி பிரபுவும் செட்டிநாட்டு எம்.ஏ.எம். இராமசாமியும்

முன்னுரை

பட்டமும் செல்வமும் உடைய குடும்பத்தார் அரசியலிலும் குதிரைப் பந்தயத்திலும் ஒருங்கே ஈடுபடுவது பிரித்தானிய உயர்குடி மரபு. அம்மரபு சென்னையிலும் வேரூன்றியது. ஸ்காட்லாந்தின் ஐந்தாம் ரோஸ்பரி பிரபுவையும் செட்டிநாட்டு எம்.ஏ.எம். இராமசாமியையும் ஒப்பிட்டு, பந்தயத்திற்குச் சட்டம் அளித்த விலக்கு எவ்வாறு நிலைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரோஸ்பரி பிரபு

மாணவர் பந்தயக் குதிரை வைத்திருத்தல் கூடாது என்னும் விதிக்குப் பணியாது, 1869இல் ஆக்ஸ்போர்டுப் படிப்பையே துறந்தவர் ரோஸ்பரி. பிரபுக்கள் சபை உறுப்பினராகவே இருந்து 1894 மார்ச் முதல் 1895 ஜூன் வரை பிரதமர் பதவி வகித்தார். அப்பதவிக்காலத்திலேயே அவருடைய லாடாஸ் (1894), சர் விஸ்டோ (1895) ஆகிய குதிரைகள் டெர்பி பந்தயத்தில் வென்றன. லிபரல் கட்சியின் ஆதரவாளர்களான, இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராத கிறித்தவருள் பலர் இதனைக் கண்டித்தனர். எனினும் 1906ஆம் ஆண்டுச் சட்டம் தெருவில் பந்தயம் கட்டுவதைத் தடைசெய்து, பந்தயத் திடலுக்கு விலக்களித்தது. தொழிலாளரின் சூது குற்றமாயிற்று. பிரபுக்களின் பொழுதுபோக்கு தப்பியது.

செட்டிநாட்டுக் குடும்பம்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார் 1929இல் பரம்பரை ‘ராஜா’ பட்டம் பெற்றார். அவர் மகன் முத்தையா செட்டியார் 1933இல் சென்னையின் மேயரானார். பின்னர் நீதிக்கட்சி அமைச்சரவையிலும் இடம்பெற்றார். பேரன் எம்.ஏ.எம். இராமசாமி (1931–2015) மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராகப் பல்லாண்டுகள் விளங்கினார். அவருடைய குதிரைகள் நூற்றுக்கணக்கான கிளாசிக் பந்தயங்களில் வென்றன. மாநிலங்களவைக்குப் போட்டியிடுவோர் அம்மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்னும் நிபந்தனை 2003இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டே அவர் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் சார்பில் கர்நாடகத்திலிருந்து தேர்வாகி 2010 வரை உறுப்பினராக இருந்தார். ரோஸ்பரியைப் போல, இவருக்கும் நாடாளுமன்ற வாயில் மேலவையே.

அரசும் கிண்டியும்

சென்னை மாநகரக் காவல் சட்டமும் ‘சூது’ என்பதன் வரையறையிலிருந்து குதிரைப் பந்தயத்தை விலக்கியே வைத்திருந்தது. தமிழக அரசு இங்கிலாந்தின் வழியில் நிற்கவில்லை. மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது இயற்றப்பட்ட 1974ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க முற்பட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986இல் இயற்றப்பட்ட சட்டம் ரேஸ் கிளப்பையே கையகப்படுத்த முனைந்தது. 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம், குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் ஆகியவற்றைச் சார்ந்திருப்பதால் இது திறன்சார் ஆட்டமே எனத் தீர்ப்பளித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்கு முரணானது என அதனை நீக்கியது.

முடிவுரை

இங்கிலாந்தில் விலக்கைக் காத்தது சட்டமன்றம். தமிழகத்தில் சட்டமன்றம் பறித்த விலக்கை மீட்டது நீதிமன்றம். ஆயினும் திறன் என்பது குதிரைக்கும் ஜாக்கிக்கும் உரியது. பந்தயத்தில் கூலியை இழப்பவரின் குடும்பம் பற்றிய கேள்விக்கு அது விடையாகாது. கிண்டித் திடலின் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் இரத்துச் செய்தபோதும் வழக்கு நிலம் பற்றியதாகவே அமைந்தது. பழைய அறக்கேள்வி அவ்வாறே எஞ்சி நிற்கிறது.