விளம்பரங்களைத் தொகுத்துப் படித்தவர்

அமெரிக்க இதழாளர் வான்ஸ் பேக்கார்டு விளம்பரத்துறையைப் பற்றி எழுதிய நூல் 1957-இல் வெளிவந்ததுமே விளம்பரத்துறை மீதான விமரிசனம் அமெரிக்க மக்களிடையே பரவிவிட்டதெனினும், நுகர்வோரின் மறைவான ஆசைகளை அறிய நிறுவனங்கள் கையாண்ட உத்திகளே அந்நூலின் முதன்மைப் பொருளாக இருந்தன. விளம்பரங்களில் பெண்கள் எவ்வாறு காட்டப்படுகிறார்கள் என்ற கேள்வியைத் தம் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டவர் ஜீன் கில்போர்ன். 1943-இல் பிறந்து வெல்லெஸ்லி கல்லூரியில் பயின்ற அவர், 1960களின் இறுதியில் மருத்துவ இதழொன்றில் விளம்பரங்களைப் பக்கங்களில் பொருத்தும் பணியில் இருந்தபோது, மாதச் சுழற்சியின் நாள்களைக் கணக்கிடுவது பெண்களுக்கு இயல்பன்று, கிழமைகளைக் கொண்டே அவர்கள் சிந்திப்பார்கள் என்னும் பொருள்பட அமைந்த கருத்தடை மாத்திரை விளம்பரம் ஒன்றைக் கண்டு எடுத்துவைத்தார். அவருடைய சேகரிப்பு அதிலிருந்தே வளரத் தொடங்கியது.

தனித்தனியே பார்க்கையில் அற்பமாகத் தோன்றும் விளம்பரங்கள், ஆயிரக்கணக்கில் ஒருசேர வைத்துப் பார்க்கப்படும்போது ஒரே போதனையைத் திரும்பத் திரும்பச் சொல்வது தெரியவரும் என்பதே அவருடைய ஆய்வுமுறையின் அடிப்படை. பெண்ணுடலின் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுவதும், பெண்ணையே மதுப்புட்டியாகவோ வேறொரு பொருளாகவோ உருமாற்றுவதும் அவளை உயிரற்ற பண்டமாகக் காணப் பழக்குகின்றன என்றும், மனிதரைப் பண்டமாகக் கருதும் மனநிலை அவர்மீதான வன்முறைக்கு இடமளிக்கிறது என்றும் அவர் வாதிட்டார். விளம்பரம் சமூகத்தில் உள்ளதைக் காட்டும் கண்ணாடி மட்டுமே என்று அத்துறையினர் கூறிவந்த விடை, இவ்வளவு சான்றுகளுக்கு முன் நிற்கவில்லை.

படவில்லைகளைத் திரையிட்டுக் கல்லூரிதோறும் அவர் நிகழ்த்திய உரை, 1979-இல் 'கில்லிங் அஸ் சாஃப்ட்லி' என்னும் ஆவணப்படமாயிற்று. ஊடகங்களை ஐயுற்றுப் படிக்கும் திறனை வளர்க்கும் 'ஊடக எழுத்தறிவு' என்ற கல்வித்துறை அமெரிக்க வகுப்பறைகளில் வேரூன்ற உதவிய படங்களுள் அது முதன்மையானது என்றே கூற வேண்டும். 1999-இல் வெளிவந்த 'டெட்லி பெர்சுவேஷன்' நூலில் அவர் புகையிலை, மது விளம்பரங்களை விரிவாக ஆராய்ந்தார். மெலிந்த உடலையும் பெண்விடுதலையையும் சிகரெட்டோடு பிணைத்து விற்ற வர்ஜீனியா ஸ்லிம்ஸ் போன்ற விளம்பரங்களை அவர் வன்மையாகச் சாடினார். புகையிலை நிறுவனங்களின் விளம்பர வருவாயை நம்பியிருந்த மகளிர் இதழ்கள், புகைப்பழக்கத்தின் தீமையைப் பற்றி வாய்திறக்கத் தயங்கியதையும் அவர் விட்டுவைக்கவில்லை. விமரிசனத்தை அந்த வருவாய்வரை கொண்டுசென்றதே அவருடைய பணியின் தனிச்சிறப்பாகும்.

முதற்படம் 1987, 2000, 2010 ஆகிய ஆண்டுகளில் புதிய விளம்பரங்களைச் சான்றாகக் கொண்டு மீண்டும் உருவாக்கப்பட்டது. சான்றுகள் மாறினவேயன்றி அவருடைய குற்றச்சாட்டு பொருந்தாமற்போகவில்லை.