தொலைக்காட்சியும் எண்ணத்தின் உடைமையும்

நெல் விற்பவன் மூடையை அவிழ்த்துக் காட்டினாலும் நெல் அவனிடமே இருக்கும். எண்ணத்தை விற்பவனின் நிலை வேறு. காட்டாமல் அதனை விற்க முடியாது. காட்டிய கணமே அது கேட்டவன் மனத்திலும் குடிபுகுந்துவிடுகின்றது. புதிய நிகழ்ச்சித் திட்டங்களோடு தொலைக்காட்சி நிலையங்களின் வாயிலில் நின்றோரின் வரலாறு பெரிதும் இச்சிக்கலின் வரலாறே.

இவ்வகையில் முதலிற் கருதத்தக்கது ஹியூயி கிறீனின் வழக்காகும். பிரித்தானியத் தொலைக்காட்சியில் 'ஒப்பர்சூனிற்றி நொக்ஸ்' என்னும் திறமைப் போட்டியைப் பல்லாண்டுகள் நடத்தியவர் அவர். அதே பெயரும், அவர் வழக்கமாகக் கூறும் வாசகங்களும், கைதட்டலை அளந்து காட்டும் கருவியுங் கொண்ட நிகழ்ச்சியொன்று 1975 முதல் 1978 வரை நியூசிலாந்தில் ஒளிபரப்பாயிற்று. கிறீன் வழக்கிட்டார். 1989இல் இலண்டன் கோமறைக் கழகம் அவரது மேன்முறையீட்டைத் தள்ளியது. (இலங்கை தன் மேன்முறையீட்டுத் தொடர்பை 1971இல் அறுத்துக்கொண்ட அதே கழகந்தான்.) வாரந்தோறும் உள்ளடக்கம் மாறும் ஒரு நிகழ்ச்சியின் மாறாத கூறுகளை மட்டும் பிரித்தெடுத்து நாடக ஆக்கமாகக் கொள்ள இயலாது, பதிப்புரிமைக்கு வேண்டிய நிச்சயத்தன்மை அவற்றுக்கில்லை என்பதே தீர்ப்பின் சாரம். சட்டநோக்கில் இது பொருந்தலாம். ஆயின் பெயரையுங்கூட எடுத்துக்கொண்ட செயலை நேர்மையானதெனக் கூறல் அரிது.

சட்டம் கைவிட்டபின்னரும் வாணிகம் நின்றுவிடவில்லை என்பதுதான் வியப்பு. சிலரைத் தனித்தீவொன்றில் விட்டு, அவர்களே தம்முள் ஒருவரை வாக்களித்து வெளியேற்றச் செய்யும் திட்டத்தை வகுத்தவர் பிரித்தானியத் தயாரிப்பாளர் சார்ளி பார்சன்ஸ். அது முதலில் அரங்கேறியது அவர் நாட்டிலன்று, 1997இல் சுவீடனில். அமெரிக்க உரிமையைப் பெற்ற மார்க் பேர்னற் நிலையம் நிலையமாக ஏறியிறங்கினார். முதலில் மறுத்த சி.பி.எஸ். நிலையம், விளம்பரதாரரைத் திரட்டித் தருவதில் அவரும் பங்கேற்கவேண்டும் என்ற நிலையிலேயே பின்னர் இணங்கிற்று. மலேசியாவின் புலாவ் திகா தீவில் 16 பேர், 39 நாட்கள், பத்து இலட்சம் டொலர் பரிசு. 2000 ஓகஸ்ற் 23இல் ஒளிபரப்பான இறுதி அங்கத்தை ஐந்து கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர்.

தீவும் வாக்கெடுப்பும் எவரும் எடுத்தாளக்கூடியவை. அவ்வாறிருக்க உரிமைக்குப் பணம் கொடுத்தது ஏன்? வாங்கப்பட்டது எண்ணமன்று, ஒருமுறை செய்து பார்த்த அனுபவம் எனக் கொள்வதே பொருத்தம். எங்கே இடறும், எந்த ஒழுங்கில் நடத்தினால் இடறாது என்னும் அறிவு கேட்ட மாத்திரத்தே பிறர்க்குப் போய்விடுவதில்லை.

ஆயினும் பார்சன்ஸ் தரப்பினர் உடைமையை நீதிமன்றிலும் நிலைநாட்ட முயன்றனர். 1999 செப்ரெம்பரில் நெதர்லாந்தில் ஜோன் டி மோலின் 'பிக் பிறதர்' தொடங்கிற்று. தீவுக்குப் பதிலாகப் பூட்டிய வீடு. இது தமது வடிவத்தின் நகலென்று டி மோலின் எண்டெமோல் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். கூறுகள் பல இணைந்த வடிவமொன்று பாதுகாப்புப் பெறலாம் என்பதை டச்சு நீதிமன்றுகள் ஏற்றன. கிறீனுக்குக் கிட்டாத ஏற்பு இது. எனினும் 'பிக் பிறதர்' நகலன்று எனக் கண்டு, 2004இல் உயர்நீதிமன்றம் வழக்கை முடிவாகத் தள்ளியது.

அத்தீர்ப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே எண்டெமோல் 'பிக் பிறதர்' வடிவத்தைத் தன் உடைமையாகப் பிறநாடுகளுக்கு விற்கத் தொடங்கியிருந்தது. அதே 2000ஆம் ஆண்டில் ஸ்பானிய நிறுவனமான தெலெபோனிக்கா, எண்டெமோலை ஏறத்தாழ 550 கோடி யூரோ பெறுமதிக்கு வாங்கிற்று.