ஒப்புரவு

திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். ஊருணி, பழமரம், மருந்துமரம் என்று வள்ளுவர் அங்கே அடுக்குவதெல்லாம் உள்ளவன் ஊருக்குப் பயன்படுவதைப் பற்றித்தான். சண்டை, சமாதானம் என்ற பேச்சே அந்தப் பத்துக் குறளிலும் இல்லை. மட்டக்களப்பில் இன்று ‘ஒப்புரவு’ என்ற சொல் காதில் விழும் இடமோ கிறிஸ்தவக் கோயில்.

அந்தச் சொல்லை வேறு வேலைக்கு அமர்த்தியது பழைய தமிழ் வேதாகமம். மத்தேயு 5:24இல் காணிக்கை கொண்டுவந்தவன் அதைப் பீடத்தடியில் விட்டுவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ‘ஒப்புரவாக’ வேண்டும். கத்தோலிக்கரிடம் நெடுங்காலம் ‘பாவசங்கீர்த்தனம்’ என்று வழங்கிய அருட்சாதனம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு ‘ஒப்புரவு’ ஆயிற்று. பாவத்தை எண்ணிச் சொல்வதைவிட முறிந்த உறவைச் சீராக்குவது முன்னுக்கு வந்தது. நல்ல தேர்வு என்பேன். (போருக்குப் பிறகு இலங்கை அரசு 2010இல் ஆணைக்குழு அமைத்தபோது எடுத்த சொல் நல்லிணக்கம். எளியவன் இணங்கிப்போனாலே அது நிறைவேறிவிடும். ‘ஒப்பு’ என்றால் இருபுறமும் சமமாக வேண்டும்.)

மன்னிப்பு அப்படியல்ல, ஒருவரே கொடுத்துவிடலாம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. மாண்டவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். தாக்கியவனையும் அவனை அனுப்பியவர்களையும் மன்னிப்பதாகச் சபையின் போதகர் ரொஷான் மகேசன் சொன்னார். செத்துப்போனவனை மன்னிக்கலாம், அவனோடு ஒப்புரவாக வழியில்லை.

வீட்டுக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மருமகன் பெண்வீட்டுக்கு வருவார். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இந்த வழக்கம் உண்டு. எந்த மகளுக்கு எந்தத் துண்டு என்பதில் அக்காவும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டே வருடக்கணக்கில் கதைக்காமல் இருப்பார்கள். “என்னை மன்னிச்சிடுங்க அக்கா” என்று எவரும் போய் நிற்பதில்லை. அது சினிமா வசனம். நத்தாருக்குப் பலகாரத் தட்டு ஒன்று சின்னப்பிள்ளை கையில் வேலி தாண்டும். அது வெறுந்தட்டாகத் திரும்பாது. மறுகா ஒருநாள், “என்ன கறி அக்கா?” என்று குரல் கேட்கும். மன்னிப்பு என்ற சொல் வாயில் வராமலே காரியம் நடந்துவிட்டது, அதுவும் வள்ளுவர் சொன்ன பழைய பொருளில், கொடுத்து.

ஆனால் பலகாரத்தால் எல்லைவேலி நகராது. மத்தேயுவில் காணிக்கையை விட்டுவிட்டுப் போகிறவன் சகோதரன்மேல் குறை உள்ளவன் அல்லன். சகோதரனுக்குத்தான் அவன்மேல் குறை. அந்தக் கணக்கில், காணி உறுதி எவர் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதலில் வேலியைத் தாண்ட வேண்டும்.