ஒட்டும் உண்ணியும்

ஒட்டுண்ணி என்னும் சொல் இன்றைய தமிழில் ஒன்றோடொன்று பொருந்தாத பொருள்களில் வழங்குகிறது. மலேரியாவை உண்டாக்கும் நுண்ணுயிரையும் குடற்புழுவையும் மருத்துவ நூல்கள் அச்சொல்லால் குறிக்கின்றன. வேளாண்துறையோ தென்னையைத் தாக்கும் பூச்சிகளை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அதே பெயரைச் சூட்டி, அவற்றைத் தோப்பில் விடுமாறு உழவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் நோயையும் மற்றோரிடத்தில் மருந்தையும் குறிக்க நேர்ந்தது எவ்வாறு என்பதை அறிய, அச்சொல்லின் இரு உறுப்புகளையும் தனித்தனியே எடுத்து, அவை அன்றாடம் புழங்கும் நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மா, தென்னை, திராட்சை, நெல் ஆகியவற்றோடு மலைமேய்ச்சல் மாடுகளையும் ஒருங்கே கொண்ட தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும் அதற்கு ஏற்ற களங்கள்.

இரண்டாம் உறுப்பாகிய உண்ணியே மூத்தது. உண் என்னும் வினையடியோடு, செய்பவரைக் குறிக்கும் இகர விகுதி சேர்ந்து உண்ணி ஆயிற்று. வழிகாட்டி, பூச்சிக்கொல்லி ஆகிய சொற்களிலும் இவ்விகுதியே நிற்கிறது. உண்பது எதுவாயினும் உண்ணி எனப்படலாம் என்றாலும், மக்கள் வழக்கு அப்பொதுச் சொல்லை ஓர் உயிருக்கே உரியதாக்கி, மாட்டின் காதுமடலிலும் மடியிலும் வால் அடியிலும் பற்றிக்கொண்டு குருதி குடிக்கும் எட்டுக்கால் உயிரிக்குப் பெயராக வைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவில் மேய்ந்து வரும் மலைமாட்டின் மேல் புதிதாக ஏறிய உண்ணி எள்ளளவே இருக்கும். குருதி நிறைந்தபின் சாம்பல் நிறத்தில் உருண்டு, ஆமணக்கு விதையைப்போல் தோன்றும். இந்த ஒப்புமை இலத்தீன் மொழியிலும் பதிந்துள்ளது: அம்மொழியில் ரிசினஸ் என்னும் ஒரே சொல் உண்ணியையும் ஆமணக்கையும் குறித்தது, ஆமணக்கின் அறிவியற்பெயராக இன்றும் அதுவே நிற்கிறது. கம்பம் பகுதியில் கன்னடத்தை வீட்டுமொழியாகக் கொண்ட மக்களும் வாழ்கின்றனர். கன்னடத்திலும் இவ்வுயிரின் பெயர் உண்ணியே. மலையேறிக் குமுளியைக் கடந்தால், மலையாளத்தில் உண்ணி குழந்தையைச் செல்லமாக அழைக்கும் சொல்லாக ஒலிக்கக் கேட்கலாம்.

இச்சொல் மருத்துவத்துக்குள் நுழையும்போது கவனம் தேவைப்படுகிறது. ஸ்க்ரப் டைபஸ் என்னும் நோய் தமிழில் உண்ணிக்காய்ச்சல் என வழங்குகிறது. ஆனால் அதைப் பரப்புவது மாட்டின் மேல் காணும் உண்ணி இல்லை. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்பருவமே அதைப் பரப்புகிறது. ஓரியன்சியா சுசுகாமுசி என்னும் பாக்டீரியா அதன் கடிவழியே மனித உடலுக்குள் செல்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கரும்பொருக்கு பலருக்குத் தோன்றும். அக்குள், இடுப்பு மடிப்பு முதலிய மறைவிடங்களில் அது இருப்பதால் தேடிப் பார்த்தே கண்டறிய வேண்டும். உரிய காலத்தில் டாக்சிசைக்ளின் கொடுத்தால் குணமாகக்கூடிய இக்காய்ச்சலில், பெயரை மட்டும் கேட்டு, “வீட்டில் மாடு இல்லை, நாய் இல்லை, ஆகவே உண்ணிக்காய்ச்சல் வராது” என்று எண்ணிவிடுவது ஆபத்தாக முடியும்.

முதல் உறுப்பாகிய ஒட்டு, மாந்தோப்பைச் சார்ந்து விளக்கம் பெறுகிறது. பெரியகுளம் வட்டாரத்து நாற்றங்கால்களில் ஒட்டு என்றால் ஒட்டுக்கட்டிய மாங்கன்று. கொட்டையிலிருந்து முளைத்த நாற்றாகிய வேர்ச்செடியின் தண்டைச் சீவி, நல்ல வகை மரத்திலிருந்து எடுத்த குச்சியை அதில் பொருத்தி, பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றிவிட்டால், சில வாரங்களில் இரண்டின் திசுக்களும் இணைந்து ஒரே செடியாகின்றன. மேற்குச்சி வேர்ச்செடி தரும் நீரை உண்கிறது. தன் இலைகளில் ஆக்கிய உணவை வேருக்குத் திருப்பி அனுப்புகிறது. கொள்ளலும் கொடுத்தலும் சேர்ந்த இந்த உறவுக்கும் ஒட்டு என்பதே பெயர்.

அதே மாமரத்தின் உச்சியில் மற்றோர் ஒட்டும் நிகழ்கிறது. தடித்த இலையும் குழல்வடிவச் செம்பூவும் கொண்ட புல்லுருவி, மரக்கிளையில் வேரூன்றி வாழும் செடி. அதன் பழத்தைத் தின்னும் பூங்கொத்திக் குருவியால் பிசுபிசுப்பான விதையை எளிதில் உதறிவிட முடிவதில்லை. கிளையில் தேய்த்தோ எச்சத்தோடோ அதை ஒட்டவைத்துவிட்டுப் பறக்கிறது. முளைத்த விதை ஹாஸ்டோரியம் எனப்படும் உறிஞ்சு உறுப்பை மரப்பட்டைக்குள் செலுத்தி நீரையும் தாதுக்களையும் எடுத்துக்கொள்ள, அவ்விடம் நாளடைவில் கழலைபோல் பருத்துவிடுகிறது. பச்சை இலை இருப்பதால் தன் உணவின் பெரும்பகுதியைத் தானே ஆக்கிக்கொள்ளும் இதனை அரை ஒட்டுண்ணி என்பர். எனினும் ஒட்டுக்குச்சியைப்போல் இது மரத்துக்கு எதையும் திருப்பித் தருவதில்லை. கழலைக்கு அப்பாலுள்ள கிளைப்பகுதி மெலிந்து காய்ந்துபோகிறது. இலையையும் தண்டையும் பிடுங்கினால் உள்ளிருக்கும் உறுப்பு மீண்டும் துளிர்க்கும் என்பதால், கழலைக்குக் கீழே கிளையையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

புல்லுதல் என்பதற்குத் தழுவுதல் என்னும் பொருள் உண்டு. புல்லுருவியின் பெயரை அவ்வினையோடு இயைத்துக் காண்பது அதன் இயல்புக்குப் பொருந்துகிறது. குருவிச்சை என்னும் மற்றொரு பெயர், விதை பரப்பும் பறவையை நினைவூட்டுகிறது. இவற்றைவிட முக்கியமானது, நாட்டு மருத்துவ மரபு இச்செடியைத் தனியே பெயரிட்டு நிறுத்தாமல் மாம்புல்லுருவி, வேப்பம்புல்லுருவி, புளியம்புல்லுருவி எனத் தாங்கும் மரத்தை முன்வைத்து வழங்கியதாகும். செடி ஒன்றேயாயினும், எதைப் பற்றி வாழ்கிறது என்பது அதன் பெயரிலேயே அடங்கிவிடுகிறது. நிலத்துக்கடியில் சோளத்தின் வேரைப் பற்றிக்கொண்டு பயிரை வாடச்செய்யும் செடிக்குச் சுடுமல்லி என்றும், இலைப்பச்சை இன்றிப் புகையிலையின் வேரடியிலிருந்து முளைப்பதற்குப் புகையிலைக்காளான் என்றும் உழவர்கள் பெயரிட்டனர். பின்னது பூக்கும் தாவரமே, காளான் இல்லை. ஆயினும் எந்தப் பயிருக்கு உரியது என்பதை அப்பெயர் தவறாமல் சொல்கிறது.

அறிவியல் பாடநூல்கள் வழியாகப் பரவிய ஒட்டுண்ணி என்னும் கூட்டுச்சொல், பாரசைட் என்னும் ஐரோப்பியச் சொல்லுக்கு நிகராக அமைந்தது. அதன் மூலமான கிரேக்கப் பாரசிடோஸ், அருகில் என்னும் சொல்லும் தானியம் என்னும் சொல்லும் சேர்ந்தது. பிறர் பந்தியில் அருகமர்ந்து உண்பவரைக் குறித்தது. தொடக்கத்தில் கோயில் தானியத்தைப் பங்கிட்டு உண்ணும் உரிமையுடையவருக்கு வழங்கிய அப்பெயர், பின்னர் நாடகங்களில் வரும் முகத்துதிக்காரனுக்கு உரியதாகி, மிகப் பிற்காலத்திலேயே செடிக்கும் பூச்சிக்கும் சென்றது. தமிழ்ச்சொல்லின் பயணம் எதிர்த்திசையானது: மரத்திலும் மாட்டிலும் கண்ட உறவைக் குறித்த புல்லுருவியும் ஒட்டுண்ணியும் பின்னரே அரசியல் மேடைக்கு வந்து, உடனிருந்து கெடுப்போரையும் பிறர் உழைப்பில் வாழ்வோரையும் இகழும் சொற்களாயின.

ஒட்டுண்ணி வாழும் உடலுக்கு என்ன பெயர் இடுவது என்பதில் தமிழ் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தமிழகப் பாடநூல்களில் விருந்தோம்பி, ஓம்புயிர் என்னும் சொற்களும், இலங்கை வழக்கில் விருந்துவழங்கி என்னும் சொல்லும் காணப்படுகின்றன. விருந்து என்பதன் அடிப்பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் புதுவகை யாப்பை அப்பெயரால் குறிக்கிறது. புதியவராக வருபவரை மனமுவந்து பேணும் அறத்துக்குத் திருக்குறள் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்க, அழைக்காமல் புகுந்ததைச் சுமக்கும் உடலை விருந்தோம்பி என்பது அச்சொல்லுக்குப் பெரும் சுமை. ஓம்புயிர் என்பதும் பேணுதலையே குறித்தாலும், விருந்து என்னும் அறத்தை உடன் இழுத்து வராமையால் அதுவே ஓரளவு பொருத்தமானது.

ஓம்புயிர் எது என்று அறியாமையின் விலையைக் கம்பம் பள்ளத்தாக்கு ஒருமுறை கொடுத்திருக்கிறது. பென்னிகுயிக் தலைமையில் 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டப்பட்டபோது, மலைக்காட்டில் தங்கிய தொழிலாளர்களை மலேரியா கடுமையாகத் தாக்கியது. அந்நோய்க்கு மூலமான உயிரியை 1880இல் அல்ஜீரியாவில் இலாவெரான் மனிதக் குருதியில் கண்டிருந்தார்; ஆனால் அது கொசுவின் உடலில் வளர்வதை 1897 ஆகஸ்ட் 20 அன்றுதான், அணைநீர் பள்ளத்தாக்கில் பாயத் தொடங்கி ஏறக்குறைய ஈராண்டு கழித்து, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். கெட்ட காற்று என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த மலேரியா என்னும் பெயர் பழியைக் காற்றின் மேல் ஏற்றியிருந்தது. தமிழின் முறைக்காய்ச்சலோ முறைவைத்து வரும் குளிரையும் வெப்பத்தையும் மட்டும் சொன்னது. அவ்வுயிரியின் பாலினப் பெருக்கம் கொசுவில் நிகழ்வதால், அறிவியல் கணக்கில் கொசுவே அதன் முதன்மை ஓம்புயிர், மனிதர் இடைநிலை ஓம்புயிர். இது தெளிந்தபின்னரே கொசுவை ஒழிப்பது மருத்துவத்தின் பகுதியாயிற்று.

பயிரைக் காக்கும் ஒட்டுண்ணி இவ்வரலாற்றில் கடைசியாக வந்து சேர்ந்தது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் காணப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பரவியபோது, அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டுத் தமிழகத்தில் விடப்பட்டது. மாவுப்பூச்சிக்குள் அது இட்ட முட்டை பொரிந்து, புழு உள்ளிருந்தே உண்டு வளர்ந்து, பழுப்பேறிய வெற்றுக்கூட்டில் வட்டத்துளை இட்டுக் குளவியாக வெளியேறும். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயை என்கார்சியா என்னும் குளவி இவ்வாறே அழிக்கிறது. தென்னை ஓலையின் அடிப்புறத்தில் துளையுள்ள கூடுகள் மிகுந்திருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். அங்கே பூச்சிக்கொல்லி தெளித்தால் குளவியும் சாகும்.

உண்ணப்படும் உயிரை முடிவில் கொன்றே தீரும் இக்குளவியையும், மரத்தோடு பல்லாண்டு வாழும் புல்லுருவியையும், குருதிக்குள் பெருகும் நுண்ணுயிரையும் ஒட்டுண்ணி என்னும் ஒரே சொல் சுமப்பதில் பிழை இல்லை. ஒட்டும் உண்ணியும் சேர்ந்து ஓர் உறவைச் சொல்கின்றன, நன்மை தீமையைச் சொல்வதில்லை. எதை உண்கிறது என்பதை அறிந்தாலன்றி அச்சொல் முழுமை பெறாது. ஆகவே, உழவருக்கான துண்டறிக்கையிலும் நோயாளிக்கான அறிவுரையிலும் ஒட்டுண்ணி என்று தனித்து எழுதுவதை விடுத்து, வெள்ளை ஈ ஒட்டுண்ணி, மாவுப்பூச்சி ஒட்டுண்ணி, மனிதக் குருதி ஒட்டுண்ணி எனத் தாங்கும் உயிரை முன்னிறுத்தி எழுதுவதே தெளிவு. மாம்புல்லுருவி என்று சொன்னவர்கள் அந்த வழியை முன்பே காட்டிச் சென்றிருக்கின்றனர்.