கம்பெனி கைமாறினால் கத்தி மாறுமா?

2023ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஒரு நாள் இரவு நேரங்கெட்ட நேரத்தில் அமெரிக்காவிலிருந்து தம்பி மகன் போன் செய்தான். யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பதறிக்கொண்டு எடுத்தேன். விஷயம் அதுவல்ல.

"பெரியப்பா, நான் குசினியில வச்சிருக்கிற கத்தி இருக்கே, அந்தக் கம்பெனிய வித்துட்டாங்களாம். கடையில இருக்கிறதை எல்லாம் இப்பவே வாங்கி வச்சுடட்டுமா?"

ஒரு கத்திக்கு இவ்வளவு கவலையா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போனை வைத்த பிறகு யோசித்தேன். கேட்டது சரியான கேள்விதான். முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, சொத்து கைமாறுவதையே எழுதிக்கொண்டிருந்தவன் நான். வீடு விற்றால் கிணறு, தென்னை, நடைபாதை உரிமை எல்லாம் சேர்ந்து போகும் என்று பத்திரத்தில் வரும். ஒரு கத்திக் கம்பெனியை விற்றால் எதெல்லாம் சேர்ந்து போகிறது?

அவன் சொன்னது ஒன்டாரியோ நைஃப் கம்பெனி. பெயரைப் பார்த்துக் கனடா என்று நினைக்கவேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் ஒன்டாரியோ என்றொரு கவுண்டி இருக்கிறது. அங்கே நேப்பிள்ஸ் என்ற சிற்றூரில் 1889இல் தொடங்கிய பட்டறை அது. பிறகு அதே மாநிலத்தில் ஃபிராங்க்ளின்வில் என்ற ஊருக்குப் போய், அங்கேயே நிலைத்துவிட்டது. அமெரிக்கப் படைக்குத் துப்பாக்கி முனை ஈட்டி, விமானிகளுக்கான கத்தி, காடு வெட்டும் பட்டாக்கத்தி எல்லாம் செய்து கொடுத்தது. ஆனால் சாதாரணக் குடும்பங்களுக்கு அதைத் தெரிந்தது 'ஓல்டு ஹிக்கரி' என்ற சமையல் கத்தியால்தான். மடக்காத கத்தி. கார்பன் எஃகுத் தகடு, இரண்டு பக்கமும் ஹிக்கரி மரப்பிடி, பித்தளை ஆணி, அவ்வளவுதான். நம் ஊரில் கோடாலிக் காம்புக்கு மரம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுபோல் அங்கே ஹிக்கரி. ஆண்ட்ரூ ஜாக்ஸன் என்ற ஜனாதிபதிக்குக்கூட அந்த மரத்தின் பெயரால்தான் பட்டப்பெயர். விலையும் கடிக்காது. 

1967இல் அந்தக் கம்பெனியை செர்வோட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. விமானங்களுக்கான வால்வு செய்கிறவர்கள். வால்வுக்காரருக்குக் கத்தி எதற்கு என்று கேட்கலாம். ஆனாலும் ஐம்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள், பட்டறையும் இருந்த ஊரிலேயே இருந்தது. 2023இல்தான் விற்றார்கள். வாங்கியது வர்ஜீனியாவில் இருக்கும் புளூ ரிட்ஜ் நைவ்ஸ். அவர்கள் மொத்த வியாபாரிகள். ஃபிராங்க்ளின்வில் பட்டறை மூடப்பட்டது.

ஆக, இரண்டு தடவை கைமாறியிருக்கிறது. முதல் தடவை முதலாளி மாறினார். இரண்டாம் தடவை உலை அணைந்தது. பத்திரத்தில் இரண்டும் ஒரே மாதிரி 'விற்பனை' என்றுதான் இருக்கும்.

நியூயார்க் மாநிலத்துக்கு இது புதிதல்ல. எலன்வில் என்ற ஊரில் ஷ்ரேட் கம்பெனி. 1904இல் தொடங்கிய பெயர், நூறு வருஷம் கழித்து 2004இல் கதவை மூடினார்கள். அவர்களுடைய 'ஓல்டு டைமர்' வரிசையில் ஷார்ப்ஃபிங்கர் என்று சின்னதாக, நுனி மேல்நோக்கி வளைந்த மடக்காத கத்தி ஒன்று உண்டு. வேட்டைக்காரர்கள் பையில் தவறாமல் இருக்குமாம். பெயரை வேறொரு கம்பெனி வாங்கியது, கத்தி சீனாவிலிருந்து வர ஆரம்பித்தது. பெயர் அதே, உருவம் அதே. அடுத்து கமிலஸ். இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்குக் கத்தி செய்து கொடுத்தவர்கள். 2007இல் மூடினார்கள். பெயரை வாங்கியது ஆக்மி யுனைடெட் என்ற, கத்தரிக்கோலுக்குப் பேர்போன கம்பெனி. அதுவும் ஆசியாவிலிருந்துதான் வருகிறது. சீனாக்காரன் செய்தால் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன், நல்ல எஃகை நன்றாகப் பதம்போடத் தெரிந்தவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் எலன்வில்லில் ஆயுசு முழுக்க சாணைக்கல்லில் நின்றவரின் கை அந்தப் பெயரோடு கப்பல் ஏறிப் போகாது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஸ்வீடனில் மோரா என்ற ஊர், பக்கத்தில் ஓஸ்ட்னூர் என்ற கிராமம். 1891இல் ஃப்ரோஸ்ட் எரிக் எர்ஸன் என்பவர் அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பி, மரக்கட்டை இழுக்கும் சறுக்குவண்டி செய்ய ஒரு பட்டறை வைத்தார். கூடவே கத்தியும் செய்தார். கடைசியில் கத்திதான் நின்றது. 1912இல் அதே கிராமத்தில் எரிக்ஸன் என்ற இன்னொருவர் போட்டிக்குத் தொடங்கினார். கிட்டத்தட்ட நூறு வருஷப் போட்டி. 2005இல் இரண்டும் ஒரே கம்பெனி ஆனது. 2016இல் பெயர் மோராக்னீவ் என்று மாறியது. அதாவது உடைமையும் மாறியது, பெயரும் மாறியது. ஆனால் கிராமம் மாறவில்லை. இன்றைக்கும் உலகத்தில் குறைந்த விலைக்கு நம்பி வாங்கக்கூடிய மடக்காத கத்தி எது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது மோராவைத்தான்.

எனக்கு இதெல்லாம் ஆச்சரியமாக இல்லை. காரணம் எங்கள் வீட்டில் இருந்த ஒரு யானைக்கத்தி.

என் சின்னத்தாத்தா ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் குசினிக்காரராக இருந்தார். 1954இல் அந்த துரை கப்பலேறும்போது, சாமான்களில் தனக்கு வேண்டாதவற்றை வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தாத்தாவுக்குக் கிடைத்தது ஒரு நீளமான சமையல் கத்தி. தகட்டில் 'சபாத்தியே' என்ற பெயர், பக்கத்தில் நான்கு நட்சத்திரம், ஒரு யானை. யானை இருப்பதால் இது நம் நாட்டுக் கத்தி என்று சின்ன வயதில் நான் அடித்துச் சொல்லுவேன். பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்தில் 'தியேர் – கத்திகள்' என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோமே, அந்த ஊர்க் கத்திதான் இது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தியேர் பிரான்சின் நடுவே ஓவேர்ஞ் பகுதியில், மலைச்சரிவில் இருக்கிற ஊர். அங்கே இரும்பு கிடையாது. இருப்பது துரோல் என்ற ஆறு, அதன் வேகம். அந்த வேகத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டுச் சாணை பிடித்தார்கள். சாணைக்காரர்கள் உட்காரவும் மாட்டார்கள், நிற்கவும் மாட்டார்கள். கல்லுக்கு மேலே பலகை போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு, கைகளைக் கீழே நீட்டிக் கத்தியைக் கல்லில் அழுத்துவார்கள். கீழே ஆற்றின் ஈரம், குளிர். கால் விறைக்காமல் இருக்க, பின்னங்கால் மேல் நாயைப் படுக்கவைத்துக்கொள்வார்கள்! கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சள் சேறு உடம்பில் அப்பிக்கொள்வதால் அவர்களுக்கு 'மஞ்சள் வயிற்றுக்காரர்கள்' என்று பெயர். கூலிக்குக் குப்புறப் படுத்தவர்கள் பெயர் எந்தக் கத்தியிலும் இல்லை.

சபாத்தியே என்பது யார்? இங்கேதான் வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியேரில் அந்தப் பெயரில் உறவில்லாத இரண்டு குடும்பங்கள் கத்தி செய்தன. கத்தி நன்றாக இருந்தது, பெயர் பரவியது. பெயரைக் காப்பாற்ற அந்தக் காலத்தில் இன்றைய மாதிரி சட்டம் கிடையாது. ஊரில் இருந்த மற்ற பட்டறைக்காரர்களும் 'சபாத்தியே' என்று அடித்துக்கொண்டு, பக்கத்தில் தங்கள் அடையாளத்தைப் போட்டார்கள். ஒருவர் இரட்டைச் சிங்கம், ஒருவர் வைரம், ஒருவர் யானை. யானை இப்போது தியேர்-இசார் என்ற பட்டறையிடம் இருக்கிறது. பெயருக்கு உரிமையாளர் ஒருவர் அல்ல, பலர். ஆனால் ஊரின் கை ஒன்றே. அதனால்தான் சிங்கமானாலும் யானையானாலும் கத்தி வெட்டியது.

லாகியோல் என்ற கிராமத்துக்கு நடந்தது இதற்குத் தலைகீழ். மடக்குக்கத்திக்குப் பேர்போன ஊர். 1993இல் வெளியூர் வியாபாரி ஒருவர் ஊரின் பெயரையே பல பொருள்களுக்குத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டார். 2012இல் பாரீஸ் நீதிமன்றத்தில் கிராமம் தோற்றது. எதிர்ப்புக் காட்ட ஊர்ப்பெயர்ப் பலகையையே கழற்றினார்கள். வழக்கு மேலே மேலே போய், 2019இல்தான் அந்தப் பதிவுகளில் பல ரத்தாயின. பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. காகிதம் சரியாக இருந்தால் முத்திரை குத்துவதுதான் எங்கள் வேலை.

யானைக்கத்தி என்ன ஆனது என்கிறீர்களா? கெடுத்தது நான்தான். தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பக்கத்தில் நின்று அவ்வப்போது தண்ணீரில் தோய்க்கச் சொல்லியிருக்கவேண்டும். நுனி நீலம் பாரித்துவிட்டது. எஃகு சூடேறி நீலமானால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். மீதிப் பாதி இன்னும் வெட்டுகிறது.

மறுநாள் தம்பி மகனைக் கூப்பிட்டேன். "பத்து வேணாம்டா, ரெண்டு வாங்கு. கார்பன் எஃகு, கழுவினதும் துடைச்சு வச்சா உன் பிள்ளை காலம்வரை வரும். பழைய பட்டறையில செஞ்ச சரக்கான்னு கேட்டு வாங்கு. எந்த நாட்டுல செஞ்சதுன்னு போட்டிருக்கா பாரு. தகடு பிடியோட கடைசிவரைக்கும் போகுதா, ஆணி ஆடுதான்னு பாரு. புதுசா வர்றதை ஒதுக்காதே, ஒண்ணு வாங்கி ஆறு மாசம் வெட்டிப்பாத்துட்டு அப்புறம் சொல்லு. பேரை மட்டும் பாத்து வாங்காதே."

"மூணா வாங்குறேன் பெரியப்பா. ஒண்ணு உங்களுக்கு."

டிசம்பரில் வந்தபோது துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். கைப்பையில் வைத்தால் விமானத்தில் விடமாட்டார்கள். என் மனைவி முதல் வேலையாக அதில் ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்கினாள். சாயங்காலத்துக்குள் தகடு கருநீலமாகிவிட்டது. "இதுவும் யானைக்கத்தி மாதிரியே கறுக்குதே" என்றபடி, தேங்காய் எண்ணெய் தொட்டு இரண்டையும் துடைத்து ஒரே ஆணியில் மாட்டினாள்.