மாற்றப்படாத கடவுச்சொல்



பூட்டின் வலிமை அதன் இரும்பில் மட்டும் இல்லை. திறவுகோல் யார் யாரிடம் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. இவ்வெளிய உண்மையை அறிவிற் சிறந்தோரும் மறந்ததுண்டு என்பதற்கு அண்மைக்கால வரலாறு சான்று கூறுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் என்னும் இடத்தில் அணுகுண்டு ஆராய்ச்சி நடைபெற்றது. அங்கே பணியாற்றிய இளம் அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன். 1965-இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்றவர் அவரே. பெட்டகங்களின் எண்பூட்டுகளைத் திறப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. போர் முடிந்தபின், இராணுவ அதிகாரி ஒருவர் பூட்டிவிட்டுச் சென்ற பெரிய பெட்டகத்தை அங்கிருந்த பூட்டுத் தொழிலாளி விரைவில் திறந்துவிட்டார் என்று கேள்வியுற்று வியந்தார். அவரோடு நட்புப் பூண்டு இரகசியத்தை வினவினார். அதில் வித்தை ஒன்றும் இல்லை! பூட்டுகள் 25-0-25 அல்லது 50-25-50 என்னும் எண் வரிசையோடு தொழிற்சாலையிலிருந்து வருவன. அதிகாரி அதனை மாற்றவே இல்லை. பின்னர் ஃபெயின்மன் தம் கட்டடத்தில் அறை அறையாகச் சென்று அவ்விரு வரிசைகளையும் முயன்று பார்த்தார். ஏறத்தாழ ஐந்துக்கு ஒரு பெட்டகம் திறந்துகொண்டது.

காலம் மாறிற்று, பெட்டகத்தின் இடத்தில் கணினி அமர்ந்தது. பழக்கமோ மாறவில்லை. 1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், கணினிக் கணக்கில் 75 சென்ட் குறைந்ததன் காரணத்தைக் கிளிஃபர்ட் ஸ்டோல் என்னும் வானியலர் தேடினார். அச்சிறு தொகை, ஜெர்மனியின் ஹானோவர் நகரிலிருந்து அமெரிக்கக் கணினிகளுக்குள் நுழைந்து கொண்டிருந்த ஒருவனைக் காட்டிக் கொடுத்தது. உற்பத்தியாளர் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமையால் அவனுக்குத் திறந்த வாயில்கள் பல.

இன்று நம் இல்லங்களை இணையத்தோடு இணைப்பது ரவுட்டர் என்னும் சிறு கருவி. அதனை நிருவகிக்கும் பெயரும் கடவுச்சொல்லும் பல கருவிகளுக்கு ஒன்றாகவே அமைக்கப்பட்டு, கையேட்டிலும் அச்சிடப்பட்டு வந்தன. 2016-இல் 'மிராய்' என்னும் தீய நிரல் இணையத்தில் உலவியது. அதன் கையில் இருந்த ஆயுதம், இத்தகைய பெயரும் கடவுச்சொல்லும் இணைந்த சுமார் 60 இணைகளைக் கொண்ட பட்டியல், அவ்வளவே. ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் அது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் ஒரே சமயத்தில் 6 இலட்சம் கருவிகள் வரை அதன் வசப்பட்டன. அக்டோபர் 21 அன்று இத்தகைய கருவிகள் 'டின்' என்னும் இணையப் பெயர்ச்சேவை நிறுவனத்தை ஒருங்கே தாக்க, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்களைப் பலரால் மணிக்கணக்கில் அணுக இயலவில்லை.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்குவது. மின்சாரத்தை நிறுத்தினால் அழிந்துவிடும். ஆயினும் கடவுச்சொல்லை மாற்றாதவர் மீண்டும் கருவியை இயக்கினால், அது விரைவில் திரும்பவும் குடியேறிவிடும். திருடனை விரட்டியவர் கதவைத் தாழிடவில்லை! கருவியின் உடைமையாளர் தமக்கு நேர்ந்ததை அறியவும் இல்லை; அவரது அசட்டையின் விலையைக் கொடுத்தவர் அயலாரே.

குற்றம் அவருடையது மட்டுமா? அன்று. சில கருவிகளில் கடவுச்சொல்லை மாற்றவே வழியில்லாதிருந்தது. ஆகவே, அரசுகள் உற்பத்தியாளரின் கடமையை வரையறுத்தன. கலிபோர்னியா 2018-இல் இயற்றிய சட்டம் 2020-இல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தின் வழியே அணுகக்கூடிய கருவி ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் இருக்கவேண்டும். அன்றேல், முதற்பயன்பாட்டுக்கு முன் புதியதொன்றை அமைக்குமாறு கருவியே கேட்கவேண்டும் என்கிறது அது. பிரிட்டனில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லைத் தடுக்கும் விதி 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளது.

எனினும், பழைய கருவிகள் இன்னும் எத்தனையோ இல்லங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சட்டம் வந்து திருத்தாது. உங்கள் இல்லத்து ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றியவர் யார் என்று இன்று வினவிப் பாருங்கள். எவரும் மாற்றவில்லையெனில், அந்தச் சிறு பணி உங்களுடையதாகட்டும். பிறர் இட்டதை மாற்றும் வரையில், பூட்டு உங்கள் வாயிலில் தொங்கினும் திறவுகோல் ஊரார் கையில்தான்.